டேங்க் டிராக் கடைசி லிங்கில் வந்து பொருந்தவே மாட்டேன் என்கிறது

அரைஸ்டட்:
வணக்கம் மக்களே. ஸ்டூடியோவில் (லெகோ மாடலைக் கணினியில் கட்டும் மென்பொருள்) டி-34 டேங்க் ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறேன். உடல், டரெட், பக்கத்துக்கு ஐந்து பெரிய சக்கரம் எல்லாம் சரியாக வந்துவிட்டது, டிராக் என்கிற சங்கிலிப் பட்டையில்தான் மூன்று நாளாக மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். லிங்க், அதாவது டிராக்கின் ஒவ்வொரு கண்ணியும், ரெடிமேட் பீஸ் இல்லை, சின்ன பிளேட்டும் கிளிப்பும் வைத்து நானே செய்தது. ஒரு லிங்கின் மூட்டிலிருந்து அடுத்ததன் மூட்டு வரை 30 எல்டியு (லெகோ மென்பொருள்களின் நீள அலகு; லெகோ பீஸின் மேலுள்ள ஸ்டட் என்ற புடைப்பு ஒன்றுக்கு 20 எல்டியு). முன்னும் பின்னும் ஒரே மாதிரி ஸ்ப்ராக்கெட் (பல்சக்கரம்), ஒன்றைச் சுற்றி முழுவட்டமாக 10 லிங்க் உட்காரும். இரண்டு மையங்களுக்கும் நடுவே 25 ஸ்டட்.

பின்பக்கம் வளையும் இடத்தில் சாய்ந்து நிற்பது நான்கு லிங்க், அதனால் 180-ஐ நாலால் வகுத்து ஒவ்வொரு ஹிஞ்சையும் (மூட்டையும்) 45 டிகிரி திருப்பினேன். லிங்குகள் பல்லுக்குள்ளேயே மூழ்கிவிடுகின்றன, மோதல் எச்சரிக்கை வருகிறது, கீழே போகும் வரிசை தரையைத் தொடாமல் கிட்டத்தட்ட ஒரு ஸ்டட் உயரத்தில் அந்தரத்தில் தொங்குகிறது. முன்பக்கமும் அதே கதை. கடைசி லிங்க் முதல் லிங்கோடு சேரவே இல்லை. கண் அளவில் இழுத்து ஒட்டவைத்தும் பார்த்தேன், ஒரு பக்கத்தைச் சரிசெய்தால் இன்னொரு பக்கம் பிய்த்துக்கொள்கிறது. எங்கே தப்பு?

பல்சக்கரம்:
லிங்கை எண்ணியதுதான் தப்பு, நண்பரே. எண்ண வேண்டியது மூட்டை. மேலே நேராக வரும் கடைசி லிங்குக்கும் சாய்ந்த முதல் லிங்குக்கும் நடுவே ஒரு மூட்டு, அப்புறம் சாய்ந்த நான்குக்குள் மூன்று, சாய்ந்த கடைசி லிங்குக்கும் கீழே நேராகப் போகும் முதல் லிங்குக்கும் நடுவே இன்னொன்று. மொத்தம் ஐந்து. ஐந்து விரலுக்கு நடுவே நான்கு இடைவெளி என்கிற அதே விஷயம்தான், திருப்பிப் போட்டால் உங்கள் டிராக். 180-ஐ ஐந்தால் வகுத்தால் 36. முழுவட்டத்துக்கு 10 லிங்க் என்றால் 360-ஐ 10-ஆல் வகுத்தாலும் அதே 36 வருகிறது பாருங்கள்.

45 டிகிரி திருப்பும்போது நீங்கள் செய்தது பத்துப் பக்கச் சக்கரத்தின் மேல் எண்பக்க வளையம் மாட்டியது. 30 எல்டியு லிங்கில் எண்பக்கத்தின் மேல் பக்கத்துக்கும் கீழ்ப் பக்கத்துக்கும் இடையே சுமார் 72 எல்டியுதான் கிடைக்கும், பத்துப் பக்கத்துக்கு 92 வேண்டும். வித்தியாசம் 20 எல்டியு, அதாவது ஒரு ஸ்டட். உங்கள் கீழ் வரிசை எவ்வளவு தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஆனால் இதைத் திருத்தினாலும் உங்கள் வளையம் மூடாது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நாளைக்கு வந்து என்னைத் திட்டுவீர்கள். 25 ஸ்டட் என்பது 500 எல்டியு. மேலும் கீழும் சேர்த்து 1000, அதை 30-ஆல் வகுத்தால் 33.33. இரு முனை வளைவுக்கும் சேர்த்து 10. ஆக 43.33 லிங்க் தேவை. மூன்றில் ஒரு பங்கு லிங்க் எங்கேயும் கிடைக்காது. 43 போட்டால் எட்டாது, 44 போட்டால் 20 எல்டியு மிஞ்சும். முன் சக்கரத்தை 10 எல்டியு, அதாவது அரை ஸ்டட், முன்னால் தள்ளுங்கள். மையத் தூரம் 510, மேலும் கீழும் 1020, அது சரியாக 34 லிங்க், மொத்தம் 44. அரை ஸ்டட் நகர்த்த ஜம்பர் பிளேட் (நடுவில் ஒரே ஸ்டட் உள்ள பிளேட்) போதும், லெகோ விதிகளின் சட்டப்படியான கட்டுமானம்தான், யாரும் குறை சொல்ல முடியாது.

இன்னொன்று. முழு வளையத்தையும் ஒவ்வொரு ஹிஞ்சாகத் திருப்பாதீர்கள். ஒரு நேர் வரிசையும் ஒரு முனை வளைவும் சேர்ந்த 22 லிங்கை மட்டும் ஒரு சப்மாடலாக (தனித் துணை மாடலாக) செய்து, அதை நகலெடுத்து 180 டிகிரி திருப்பி எதிரே வையுங்கள். இரண்டு சக்கரமும் ஒரே அளவு என்பதால் நூல் பிசகாமல் வந்து உட்காரும்.

கோப்புப்புழு:
மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் இந்தக் காலத்தில் யார் கையால் ஹிஞ்ச் திருப்புகிறார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது :) எல்டிகேட் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள், சக்கரங்களை இடத்தில் வைத்துவிட்டால் அவற்றைச் சுற்றி செயினையும் டிராக்கையும் அதுவே ஓட்டிக்கொடுக்கும். பழைய ஆட்களுக்கு எல்சின்த் என்ற நிரல் நினைவிருக்கும், அதே வேலைதான். ஆனால் இவை தயாராக வைத்திருப்பது நிஜமான டிராக் பீஸ்களுக்குத்தான், நீங்களே செய்த லிங்க் என்றால் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

நான் என்ன செய்வேன் என்றால், லெகோ மாடலை வரி வரியாக எழுத்தில் வைக்கும் எல்டிரா கோப்பையே நேரே எழுதிவிடுவேன். ஒரு பீஸுக்கு ஒரு வரி. அந்த வரியில் 14 எண்கள்: வரியின் வகை, நிறம், இடத்துக்கு மூன்று, திருப்பத்துக்கு ஒன்பது. கடைசியில் பீஸின் கோப்புப் பெயர், அங்கே உங்கள் லிங்க் சப்மாடலின் பெயரையும் போடலாம். ஒரு சின்ன பைத்தான் லூப்பில் 44 வரியும் வந்துவிடும், ஸ்டூடியோ அதை அப்படியே திறக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை, எல்டிராவில் ஒய் அச்சு கீழ்நோக்கிப் போகும். நான் முதல் தடவை அது தெரியாமல் எழுதி, டிராக் முழுக்க வெளிப்பக்கத்தை உள்ளே திருப்பிக்கொண்டு வந்தது, அரை மணி நேரம் சைன் காஸ் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன்.

முனைச் சக்கரத்தில் 14 லிங்க் மாதிரி வகுபடாத எண் வந்தால் 25.7 என்று சுருக்காதீர்கள், 25.714 என்று போடுங்கள். ஏழு மூட்டில் சேரும் பிழை 0.1 டிகிரிதான், ஆனால் 200 மிமீ தள்ளிப் போய்ப் பார்த்தால் மூன்றில் ஒரு மிமீ விலகியிருக்கும். கிளிப் மாட்டாமல் நிற்க அது போதும்.

துருப்பிடித்தவன்:
கணக்கெல்லாம் அழகு. ஆனால் ஐயா, டி-34 என்றீர்களே. அதற்கு மேலே டிராக்கைத் தாங்கும் ரோலரே கிடையாது. ஷெர்மன் டேங்குக்கு உண்டு, அதில் மேல் வரிசை ஓரளவு நேராக நிற்கும். டி-34-இல் டிராக் தொய்ந்து அந்தப் பெரிய சக்கரங்களின் தலையிலேயே படுத்துக்கொண்டு போகும். இழுக்கும் ஸ்ப்ராக்கெட் பின்னால் இருப்பதால் முன்னே ஓடும்போது இறுக்கம் கீழ்ப் பக்கத்தில், மேல் பக்கம் தளர்ச்சி. நீங்கள் அதை ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக இழுத்துக் கட்டினால் பார்ப்பதற்கு பொம்மைக் கடை டேங்க் மாதிரிதான் இருக்கும்.

அதனால் முன் சக்கரத்தை நகர்த்தாதீர்கள் என்பது என் கட்சி. அந்த மிஞ்சும் 20 எல்டியு, அதாவது 8 மிமீ, அதைத்தான் தொய்வாக்க வேண்டும். 200 மிமீ இடைவெளியில் 8 மிமீ கூடுதலாகக் கொடுத்து நடுவில் ஒன்றும் தாங்காமல் விட்டால் சுமார் 24 மிமீ தொங்கும், மூன்று ஸ்டட்! கொஞ்சம் நீளம் கூடினாலே தொய்வு எக்கச்சக்கமாகக் கூடிவிடும், வெறும் 1.3 மிமீ கூடுதலுக்கே 10 மிமீ இறங்கும். உங்கள் சக்கரங்கள் நடுவில் தாங்குவதால் அவ்வளவு இறங்காது, சக்கரத்துக்குச் சக்கரம் சின்னச் சின்னக் குழியாகப் பிரிந்துகொள்ளும்.

கோணத்தைச் சரிபார்க்க ஒரே வழி: வெளிப்பக்கமாக வளைவதை கூட்டல், குழியில் உள்ளே வளைவதை கழித்தல் என்று வைத்து எல்லா மூட்டையும் கூட்டினால் 360 வர வேண்டும். வரவில்லை என்றால் வளையம் மூடாது, எத்தனை தடவை முயன்றாலும். 360 வந்தும் மூடவில்லை என்றால் நீளத்தில் கோளாறு.

தொய்வோடு செய்தால் பல்சக்கரம் சொன்ன பாதி நகல் வித்தை எடுபடாது, மேலும் கீழும் ஒரே மாதிரி இல்லையே. கீழ் வரிசையையும் இரு முனை வளைவையும் முதலில் முடித்துவிட்டு, மேலே இரு பக்கமிருந்தும் நடுவை நோக்கி வாருங்கள். சேரும் இடம் ஃபெண்டருக்கு (டிராக்கின் மேலுள்ள மூடிக்கு) அடியில் விழட்டும். கொஞ்சம் முன்பின் இருந்தாலும் யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்.

பல்சக்கரம்:
ஒத்துக்கொள்கிறேன், டி-34-க்குத் தொய்வு இல்லாமல் முடியாது. ஆனால் முதலில் இறுக்கமாக ஒன்று மூடிப் பார்த்துவிட்டு அப்புறம் தொய்வுக்குப் போங்கள். இரண்டு தெரியாததை ஒரே நேரத்தில் தேடினால் எது தப்பு என்றே தெரியாது.

அரைஸ்டட்:
மூடிவிட்டது!! 36 டிகிரி, ஜம்பர், 44 லிங்க், கடைசி கிளிப் தானாகவே போய் ஒட்டியது. ஐந்து மூட்டு, நான்கு லிங்க். மூன்று நாள் போனது இதற்குத்தான் என்று வீட்டில் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் ஜம்பரை எடுத்துவிட்டு அண்ணன் சொன்ன தொய்வையும் முயன்றேன். கோணங்களைக் கூட்டிப் பார்த்தால் முதல் தடவை 352 வந்தது, இரண்டாவது சக்கரத்தின் மேல் ஒரு மூட்டை மாற்றித் திருப்பியிருக்கிறேன், அதை நேராக்கியதும் 360. நடுவில் சேரும் இடத்தில் இன்னும் 2 எல்டியு இடைவெளி இருக்கிறது, ஃபெண்டர் மூடிக்கொள்கிறது, விட்டுவிட்டேன். ஒரு சின்னச் சந்தேகம், இடது பக்கத்துக்கு இதையே கண்ணாடி பிம்பமாகத் திருப்பிவிடலாமா?

கோப்புப்புழு:
வேண்டாம். பிம்பமாகத் திருப்பினால் திரையில் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கிளிப் இருக்கும் பக்கம் மாறிய பீஸ் நிஜத்தில் கிடையாது. சப்மாடலை நகலெடுத்து அப்படியே பக்கவாட்டில் தள்ளுங்கள், போதும். கட்டும் குறிப்பு வெளியிடும் எண்ணம் இருந்தால் 44 லிங்கையும் தரையில் நேராக நீட்டிவைத்த இன்னொரு சப்மாடலும் செய்துவையுங்கள். வளைந்த நிலையிலேயே ஒவ்வொன்றாக மாட்டச் சொல்லும் குறிப்பைப் பார்த்துக் கட்டியவன் நான், அந்தப் பாவம் இன்னொருவருக்கு வேண்டாம்.