கன்சியூமபிள்ஸுக்குத் தமிழ் என்ன? திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது

சுங்கை சிப்புட் (மலேசியா), பட்டறைக்காரர்:

அனைவருக்கும் வணக்கம். தோட்டத்துப் பையன்கள் பன்னிரண்டு பேருக்கு ஞாயிறுதோறும் என் பட்டறையில் வெல்டிங்கும் பிளாஸ்மா கட்டிங்கும் (மின்சாரத் தீயால் இரும்பு வெட்டுவது) சொல்லிக் கொடுக்கிறேன். செம்பனைக் குலை ஏற்றும் டிரெய்லருக்குத் தகடு வெட்டுவதுதான் இங்கே முக்கால்வாசி வேலை. பாடக் குறிப்பைத் தமிழிலேயே எழுதிவிட்டேன், ஒரு சொல்லில் மட்டும் மாட்டிக்கொண்டேன்.

பிளாஸ்மா டார்ச்சின் முனையில் எலெக்ட்ரோடு, நாசில் (நாங்கள் டிப்பு என்போம்), சுழல் வளையம், மூடி என்று கழற்றி மாட்டும் சாமான்கள் உண்டு. வெட்ட வெட்டக் கெட்டுப்போகும். மொத்தமாகக் கன்சியூமபிள்ஸ் என்பார்கள். நான் 'நுகர்பொருள்' என்று எழுதினேன். ஒரு பையன், "அண்ணே, அது அரிசி, சவர்க்காரம்தானே?" என்று கேட்டுவிட்டான். பாடமே இந்தச் சாமான்களின் செலவைப் பற்றியது என்பதால் சொல் தெளிவாக இருக்க வேண்டும். உதவுங்கள்.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:

பையன் சொன்னது சரி. இங்கே ரேஷன் அரிசியைக் கையாளும் நிறுவனத்தின் பெயரே தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். ஆனாலும் பழகிய சொல்லை விட வேண்டாம் என்பது என் கருத்து. 'பட்டறை நுகர்பொருள்' என்று அடைகொடுத்தால் போதாதா?

கிள்ளான், தமிழாசிரியர்:

போதாது ஐயா. நுகர்தல் என்பது துய்த்தல். டார்ச் எதைத் துய்க்கிறது? தொல்காப்பிய உரியியலைப் பாருங்கள்: "ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய், ஆவயின் நான்கும் உள்ளதன் நுணுக்கம்." இருப்பது இருந்தபடியே குறைந்து நுணுகுவதற்கு நான்கு சொல் வைத்திருக்கிறோம்! ஆகவே 'ஆய்பொருள்' என்பது என் முன்மொழிவு. ஆய்த எழுத்தின் பெயரையும் இந்த ஆய்தலோடு சேர்த்தே பார்க்க வேண்டும். அதை விரித்துத் தனியே எழுதுகிறேன்.

சிரம்பான், பள்ளி ஆய்வுக்கூட உதவியாளர்:

டீச்சர், 'ஆய்பொருள்' என்று எழுதினால் என் ஆய்வுக்கூடத்தில் எல்லாவற்றுக்கும் அந்தச் சீட்டு ஒட்ட வேண்டிவரும்! மலாய்க்காரர்கள் 'பாஹான் குனா ஹாபிஸ்' என்று நேராகச் சொல்லிவிட்டார்கள், பயன்படுத்தித் தீர்கிற பொருள் என்று. நாமும் 'தீர்பொருள்' என்றால் என்ன?

சுங்கை சிப்புட்:

தீர்பொருள் எனக்குப் பிடித்தது. ஆனால் கேஸ்தான் தீரும். எலெக்ட்ரோடு தீராதே அண்ணே. அது செம்புத் தண்டு. நுனியில் கடுகளவு ஹாஃப்னியம் பதித்திருக்கும். தீ அங்கேதான் நிற்கும். ஒவ்வொரு முறை பற்றவைத்து அணைக்கும்போதும் அந்தக் கடுகில் கொஞ்சம் உருகிப் பறந்துவிடும். ஏறக்குறைய 1 மி.மீ. குழி விழுந்ததும் மாற்றிவிட வேண்டும். பேராசைப்பட்டு விட்டுவைத்தால் தீ செம்பைப் பிடிக்கும், டார்ச் தலையே போய்விடும். தூக்கிப் போடும்போதும் தண்டு முழுசாகத்தான் கையில் இருக்கும். அதைப் பார்த்து "நல்லாத்தானே இருக்கு" என்று பையன்கள் திரும்ப மாட்டிவிடுகிறார்கள்.

கிள்ளான்:

ஹாஃப்னியத்துக்குத் தமிழ்?

சென்னை:

அம்மா, அது ஊர்ப்பெயர். கோபன்ஹேகனுக்கு லத்தீனில் ஹாஃப்னியா. 1923-இல் அங்கே கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். கோபன்ஹேகனை நாம் பெயர்க்க வேண்டாம்.

ஈப்போ, ஓய்வுபெற்ற கிராணி (தோட்ட எழுத்தர்):

குழப்பமே வேண்டாம், 'தேய்ப்பொருள்' என்று போடுங்கள்.

கிள்ளான்:

ஐயா, ஒற்று மிகாது. தேய்பொருள் வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு போல. 'ப்' போட்டால் பாத்திரம் தேய்க்கிற பொருளாகிவிடும், நார் மாதிரி. ஆனால் சொல் நல்ல சொல்தான். "அரம்பொருத பொன்போலத் தேயும்" என்று வள்ளுவர் பட்டறையிலிருந்தே உவமை எடுத்திருக்கிறார். அங்கே பொன் என்பது இரும்பு. இரும்பைக் கரும்பொன் என்று சொன்ன வழக்கமும் உண்டு. அப்படியானால் பொற்கொல்லர், கருங்கொல்லர் என்ற பிரிவே...

சிரம்பான்:

டீச்சர், திங்கட்கிழமை.

ஈப்போ:

ஒற்றை எடுத்துவிடுகிறேன். ஒரு சந்தேகம்: கணக்கில் தேய்மானம் என்றால் இயந்திரத்தின் மதிப்புக் குறைவது. முப்பது வருடம் தோட்ட ஆபீசில் அதைத்தான் எழுதினேன். தேய்பொருள் செலவும் தேய்மானமும் ஒரே பக்கத்தில் வந்தால் தடுமாறுவார்கள்.

சுங்கை சிப்புட்:

தடுமாறட்டும் ஐயா, அப்போதுதான் இரண்டும் வேறு என்று சொல்லிக் கொடுக்க முடியும். என் பாடத்தில் கணக்கு இப்படிப் போகிறது. டிப்பும் எலெக்ட்ரோடும் ஒரு ஜோடி 18 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்வோம். 300 முறை பற்றவைத்தால் தடவைக்கு 6 காசு. டார்ச்சுக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரெசர் தொட்டியில் தண்ணீரை வடிக்காமல் விட்டு, ஈரக்காற்றில் 120 தடவையிலேயே போய்விட்டால் 15 காசு. நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? காலையில் வால்வைத் திறந்து தண்ணீரை விடுவதற்குக் காசில்லை, அதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

மணிக்கு இவ்வளவு என்று செலவு போட்டால் ஏமாந்துவிடுவோம். ஒரே இழுவையாக நீளமாக வெட்டுவதைவிட, விட்டுவிட்டுச் சின்னத் துண்டாக வெட்டினால்தான் சாமான் சீக்கிரம் போகும். துளை போடும்போது டார்ச்சைச் சாய்த்துத் தொடங்கி மெல்ல நிமிர்த்த வேண்டும். இல்லையென்றால் உருகிய இரும்பு டிப்பிலேயே திருப்பித் தெறிக்கும். டிப்பின் ஓட்டை முட்டை வடிவானால் வெட்டு சரிந்துவிடும். அப்புறம் அரைமணி நேரம் கிரைண்டர் பிடிக்க வேண்டும், அந்தக் கூலியும் டிஸ்க்கும் யார் கணக்கில்?

தேய்பொருளுக்கே என் ஓட்டு. பட்டறையில் மூன்று டின் இருக்கிறது: புதுசு, பாதி ஓடியது, குப்பைக்குப் போகிறது. மூன்றுக்கும் ஒரே பெயர் வேண்டும்.

கிள்ளான்:

தம்பி, அதுதானே வினைத்தொகை! தேயும் பொருள், தேய்கின்ற பொருள், தேய்ந்த பொருள். முக்காலமும் உங்கள் மூன்று டின்னில்! ஆய்பொருளை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கட்டுரை மட்டும் வரும்.

சென்னை:

எனக்கு மறுப்பில்லை, மகிழ்ச்சியும் இல்லை. வெல்டிங் குச்சி தேய்கிறதா, உருகுகிறதா என்று நாளைக்கு யாராவது கேட்பார்கள்.

சிரம்பான்:

கேட்டாயிற்று. வடிதாள் எப்படித் தேயும்? ஆய்வுக்கூடத்துக்கு நான் தீர்பொருள்தான் எழுதுவேன்.

ஈப்போ:

மூன்றாவது டின்னில் இருப்பது தேய்பொருள் அல்ல, கழிபொருள். பதிவு செய்துகொள்ளுங்கள்.

சுங்கை சிப்புட்:

பதிவு செய்தேன் ஐயா. 'டிப்பு, எலெக்ட்ரோடு முதலிய தேய்பொருள்' என்று போட்டு இப்போதுதான் அச்சகத்துக்கு அனுப்பினேன். இன்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். பையன்கள் எழுதிக்கொண்டார்கள். அஞ்சு நிமிடம் கழித்து ஒருவன், "அண்ணே, டிப்பு போச்சு" என்று வந்து நின்றான். டீச்சர், சுழல் வளையத்தைச் 'சுழல்வளையம்' என்று சேர்த்து எழுதவா, பிரித்தா? அடுத்த அச்சுக்குத்தான், அவசரமில்லை.