உட்குழுவா, தன்கரையா?

அக்கா, வணக்கம்.

நீங்கள் அனுப்பிய சமூக உளவியல் கலைச்சொற் பட்டியலில் ingroup, outgroup என்பவற்றுக்கு உள்ள "உட்குழு, வெளிக்குழு" எனக்கு ஒட்டவில்லை. உட்கட்சிப் பூசல், உட்பிரிவு என்று பழகிய காதுக்கு உட்குழு என்றால் குழுவுக்குள் ஒரு சின்னக் குழு. நமக்கு வேண்டியது, நான் எந்தப் பக்கத்து ஆள் என்று காட்டும் சொல்.

"நம்மவர்" என்றால் பாசம் முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. சமூக உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல் 1970இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். பிரிஸ்டலில் 14, 15 வயதுப் பள்ளிப் பையன்கள். புள்ளிகளை மதிப்பிடச் சொல்லியும் ஓவியங்களைக் காட்டியும் பிரித்ததாகச் சொன்னார்கள். உண்மையில் எழுந்தமானமான பிரிப்பு. எந்தக் குழு என்பது மட்டும் தெரிந்த, யாரென்று தெரியாத இருவருக்குக் காசு பங்கிடச் சொன்னபோது தன் குழுவுக்கே கூடுதலாகக் கொடுத்தார்கள். தன் பக்கத்துக்குக் கிடைப்பது குறைந்தாலும், மற்றப் பக்கத்தைவிடக் கூட இருக்கவேண்டும் என்றும் பார்த்தார்கள். முன்பாசமும் இல்லை, முன்பகையும் இல்லை. ஆகவே சொல்லும் வெறும் பக்கத்தை மட்டும் காட்டவேண்டும்.

நமக்குத்தான் மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை இருக்கிறதே! தன்கரை, மறுகரை என்று வைப்போம். எது தன்கரை என்பது நிற்கிற ஆளைப் பொறுத்தது.

என் மாமா படுவான்கரையில் கொக்கட்டிச்சோலை, படிப்பித்தது எழுவான்கரையில் ஆரையம்பதிப் பக்கம். ஆசிரியர் அறையில் "படுவான்கரைச் சனம்" என்று யாராவது பகிடி விட்டால் அவரும் சேர்ந்து சிரிப்பார். 2014இல் பாலம் வருமுன் மண்முனையில் வாவியைக் கடக்கப் பாதைதானே, அதுதான் ஆட்களை ஏற்றும் மிதவை. ஒரு பின்னேரம் ஊராக்களோடு சைக்கிளைப் பிடித்தபடி பாதையில் நின்றபோது, யாரோ அதே பகிடியைச் சொல்ல, மனுசன் முகம் சிவந்துவிட்டார். எதற்குச் சிரிக்கலாம் என்பதும் கரையோடு மாறுகிறது. குழுவின் அந்த எழுதாத ஒழுங்குக்குக் "கரைவழமை" பொருந்துமா?

---

தம்பி,

தன்கரை எனக்கும் பிடித்துவிட்டது. தன்கரைச் சார்பு, தன்கரைப் பற்று என்று அடுத்தடுத்துச் சொல் பிறக்கிறது. மறுகரைதான் இடிக்கிறது. வாவிக்கு இரண்டு கரை. அம்பாறையில் ஒரு சந்தைக்குள் நின்றால் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூன்று பக்கம் தெரியும். அதற்குள்ளும் ஊர், குடி என்று எத்தனையோ. மறு என்றால் ஒன்றுதான் மிச்சம் என்றாகிவிடும். "பிறகரை" என்று வைப்போம், பிற என்றால் எத்தனையும் அடங்கும்.

கரைவழமை சரி. மாமா சம்மதித்தால் அவர் கதையையே எடுத்துக்காட்டாகப் போடுவோமா? கேட்டுச் சொல்லுங்கள்.