மறு: ‘வேப்பர்வேர்’ – வாய்ப்பந்தல் என்றே வைப்போமே

அன்பின் நண்பர்களுக்கு,

அறிவித்துவிட்டு வெளிவராமலே கிடக்கும் மென்பொருளை ஆங்கிலத்தில் ‘வேப்பர்வேர்’ (வேப்பர் என்றால் ஆவி) என்கிறார்கள். நம் சொற்கோவைக்கு அதற்கு ஒரு தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

> ‘ஆவிப்பொருள்’ என்று வைத்தால் என்ன?

வைக்கலாம். ஆனால் ஆவி என்றதும் நம்மவர்களுக்கு முதலில் பேய்தான் வரும், அப்புறம்தான் நீராவி. “அந்த நிறுவனத்தின் ஆவிப்பொருள்” என்று எழுதிப் பாருங்கள், பூசாரியைக் கூப்பிடத் தோன்றும். கல்முனைத் தம்பி சொன்ன ‘கதைப்பொருள்’ எனக்குப் பிடித்தது, எங்கள் பக்கம் கதைப்பது என்றால் பேசுவதுதானே. ஆனால் அந்தச் சொல் ஏற்கெனவே இலக்கிய விமர்சனத்தில் குடியிருக்கிறது. கிளப்ப முடியாது.

நான் ‘வாய்ப்பந்தல்’ பக்கம். புதிதாக எதையும் ஒட்டிச் செய்ய வேண்டியதில்லை, கடலுக்கு இரண்டு கரையிலும் விளங்கும். காலும் கிடுகும் இல்லாமல் வாயாலேயே போடுகிற பந்தல். வன்பொருளுக்கும் இதே சொல் போதும்.

> கொச்சையாக இருக்கிறதே, சொற்கோவைக்கு ஏற்குமா?

மூலச்சொல்லே 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கணினித் துறையில் நக்கலாகப் புழங்கத் தொடங்கியதுதான். நக்கலைக் கழுவிவிட்டால் சொல்லில் பாதி போய்விடும். வரையறையில்தான் கறாராக இருக்க வேண்டும். பிந்தியதெல்லாம் வாய்ப்பந்தல் அல்ல. க்னூ ஹர்ட் என்ற இயங்குதளக் கரு 1990இல் தொடங்கியது, 1.0 பதிப்பு இன்னும் வரவில்லை. ஆனாலும் நிரலை யாரும் இறக்கி ஓட்டிப் பார்க்கலாம், ஆகவே அதைச் சேர்க்கக் கூடாது. ‘டியூக் நியூகெம் ஃபாரெவர்’ விளையாட்டை 1997இல் அறிவித்தார்கள், கைக்கு வந்தது 2011இல். இடைப்பட்ட காலம் முழுக்க அது வாய்ப்பந்தல், வந்த பிறகு வெறும் விளையாட்டு. இன்னொரு இயங்குதளக் கருவான லினக்ஸ் நேர் எதிர். 1991 ஆகஸ்டில் வெறும் பொழுதுபோக்கு என்ற அடக்கத்தோடு அறிவிப்பு வந்தது, அடுத்த மாதமே 0.01 நிரலும் வந்துவிட்டது.

என் வரையறை: “பகிரங்கமாக அறிவிக்கப்பட்டு, சொன்ன தவணை கடந்தும் வெளிவராமல், கைவிட்டதாகவும் சொல்லப்படாமல் கிடக்கும் மென்பொருள் அல்லது கருவி.”

எடுத்துக்காட்டுக்குத் தூரம் போக வேண்டியதில்லை. மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு சுவரில் பஸ் நேரசூசிச் செயலி ஒன்றின் விளம்பரம் ஒட்டியிருக்கிறது. வெயிலில் நீலம் வெளிறி, ஒரு மூலை கிழிந்து தொங்குகிறது. கியூஆர் கோட்டைப் போனில் பிடித்தால் ‘விரைவில்’ என்று மூன்று மொழியிலும் எழுதிய ஒரு பக்கம். அதன் மேலே அறிமுக விழாப் படம்: குத்துவிளக்கு, மாலை, மேடை நிறைய ஆட்கள். பஸ் எத்தனை மணிக்கு என்று சனங்கள் இன்னும் பக்கத்துத் தேநீர்க் கடையில்தான் கேட்கிறார்கள்.

> விபுலாநந்த அடிகள் இருந்தால் இதற்குச் சம்மதிப்பாரா?

காரைதீவுக்காரரை இழுப்பதென்றால் முழுதாக இழுப்போம். 1936இல் சென்னையில் கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் சொல்லோடு நிற்கவில்லை. பழந்தமிழ் யாழை ஆராய்ந்து எழுதியதும் போதாதென்று, கணக்குப் போட்டு யாழைச் செய்வித்தார். 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் நூல் அரங்கேறியபோது அந்த யாழை மீட்டியும் காட்டினார்கள். நாம் ஒரு சொல்லுக்கே இத்தனை மடல் எழுதிவிட்டோம். சொற்கோவை, சொற்கோவை என்கிறோமே, அந்தக் கோப்பு யாரிடம் இருக்கிறது? மேலே உள்ள வரையறையில் அதையும் பொருத்திப் பாருங்கள்.

மறுகா, ஒத்துக்கொண்ட சொற்களை ஒரு சிஎஸ்வி (அட்டவணை) கோப்பில் போட்டு இந்த மடலோடு இணைத்திருக்கிறேன். சொல், வரையறை, ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம், அவ்வளவுதான். பஸ் செயலி வாக்கியத்தில் ஊர்ப் பெயரை எடுத்துவிட்டேன், வீண் வம்பு வேண்டாம். வேறு சொல் வைத்திருப்பவர்கள் கோப்பிலேயே ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள், வாக்கியம் இல்லாத வரியை எடுக்க மாட்டேன். அக்கரைப்பற்று அக்கா, உங்கள் மொழிபெயர்ப்பில் ‘பீட்டா’ வந்த இடமெல்லாம் ‘சோதனைப் பதிப்பு’ என்று மாற்றியிருக்கிறேன். சரியா என்று ஒருக்கால் பாருங்கள்.

கல்லடியிலிருந்து