சவுத் கரோலினாக் கரையில் ஒரு முறம்

டெல்டாக்காரன்:

அமெரிக்காவின் இந்தச் சவுத் கரோலினா மாநிலத்தில் மறக்க முடியாத சந்திப்பு எது என்று கேட்டிருந்தீர்கள். நான் இங்கே வந்து ஆறு வருஷம் ஆகிறது. எனக்கு அது நெடுஞ்சாலை ஓரத்தில் கூடை விற்ற ஒரு அம்மாவோடு நடந்தது.

சார்ல்ஸ்டனிலிருந்து கூப்பர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் மவுன்ட் பிளசன்ட். அங்கே 17ஆம் எண் நெடுஞ்சாலை ஓரமாகப் பலகையடித்த சின்னச் சின்னக் கொட்டகைகள் இருக்கும். ஆணிக்கு ஒன்றாகக் கூடைகள் தொங்கும். ரொட்டி வைக்கிற தட்டு என்று நினைத்து ஒன்றை எடுத்தேன். அகலமாக, வட்டமாக, ஓரம் மட்டும் லேசாக உயர்ந்திருந்தது. கையில் எடுத்ததும் என்னை அறியாமல் ஒரு தரம் தூக்கி உதறினேன், பாட்டி முறத்தில் புடைக்கிற மாதிரி. அந்த அம்மா தைத்துக்கொண்டிருந்த கூடையை மடியில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "உனக்கு இது என்னவென்று தெரியுமா?" என்றார். "நெல் புடைக்கிறது" என்றேன். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதன் பெயர் ஃபேனர். உமியையும் தவிட்டையும் பறக்கவிட்டு அரிசியை நிறுத்துகிற வேலைக்கு இவர்களுடைய முன்னோர் செய்த கூடை. அந்த முன்னோர் மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் கரைகளிலிருந்து, செனகல், காம்பியா, சியரா லியோன் பக்கமிருந்து, அடிமைகளாகக் கப்பலில் ஏற்றப்பட்டு வந்தவர்கள். அவர்கள் வழிவந்தவர்களைத்தான் கல்லா மக்கள் என்கிறோம். கீச்சி என்றும் சொல்வார்கள்.

கூடை பின்னுவது என்று நான் சொன்னதும் அந்த அம்மா திருத்தினார். "நாங்கள் பின்னுவதில்லை, தைக்கிறோம்." பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினார். ஸ்வீட்கிராஸ் என்கிற மெல்லிய புல்லைக் கற்றையாகச் சேர்த்து, சுருள் சுருளாக வளைத்துக்கொண்டே போகிறார். ஒவ்வொரு சுற்றையும் முந்தின சுற்றோடு பால்மெட்டோ ஓலைக் கீற்றால் இறுக்கித் தைக்கிறார். ஓலை நுழைய ஓட்டை போடும் கருவி, ஒரு தேக்கரண்டியின் காம்பை உடைத்துத் தட்டி அரத்தால் தேய்த்தது. நடுநடுவே பழுப்புக் கோடு வரப் பைன் ஊசியிலைகளைச் சேர்க்கிறார். புல்லின் மணம் காய்ந்த வைக்கோலும் வெயிலும் கலந்ததுபோல இருந்தது. கையகலக் கூடைக்கே நாள் கணக்கில் ஆகுமாம். விலை கேட்டுவிட்டு முகம் சுளித்துப் போகிறவர்களை அன்றைக்கே மூன்று பேரைப் பார்த்தேன். அந்த விரல்களை ஐந்து நிமிஷம் பார்த்திருந்தால் பேரம் பேச வாய் வராது.

2006இல் இந்தக் கூடையை மாநிலத்தின் கைவினையாக அறிவித்தார்கள். ஆனால் அந்தப் புல் கிடைப்பதே இப்போது பெரும்பாடு. கடற்கரை மணல்மேட்டை ஒட்டி அது வளர்ந்த இடமெல்லாம் கேட் போட்ட குடியிருப்புகளாகிவிட்டன. தலைமுறை தலைமுறையாகப் புல் அறுத்த இடத்துக்குள் இன்று காவலாளியிடம் கெஞ்சி நுழைய வேண்டியிருக்கிறது.

அதற்குப் பிறகுதான் இந்த ஊரின் நெல் கதையைத் தேடிப் படித்தேன். 1670இல் ஆங்கிலேயர்கள் வந்து குடியேறிய இடம் சார்ல்ஸ்டன். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் நெல் வந்துவிட்டது. 1708 வாக்கில் வெள்ளையரைவிடக் கறுப்பின மக்களே இங்கே அதிகம். கரோலினா கோல்ட் என்ற ரகத்தின் உமி முற்றும்போது பொன் நிறமாகும், பெயர் அதனால்தான். 1840 வாக்கில் அமெரிக்காவின் அரிசியில் கிட்டத்தட்ட பாதி ஜார்ஜ்டவுன் என்ற ஒரே மாவட்டத்தில் விளைந்தது. சார்ல்ஸ்டனில் நாம் நின்று படமெடுக்கிற அந்த வரிசை வரிசையான மாளிகைகளில் பல அந்த அரிசிப் பணத்தில் எழுந்தவை.

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிய விதம் என்னைத் தூங்கவிடவில்லை. கடல் ஏறும்போது ஆற்று நீரைப் பின்னுக்குத் தள்ளும். உப்பு ஏறாத, ஆனால் கடலேற்றம் மட்டும் எட்டுகிற தூரத்தில் ஆற்றோரச் சதுப்புக்காட்டை வெட்டிக் கரை எழுப்பினார்கள். கரைக்கு அடியில் நீளமான மரப்பெட்டி, இரண்டு முனையிலும் கதவு. நம் மதகேதான், இங்கே டிரங்க் என்கிறார்கள். வெளிக் கதவைத் தூக்கிவிட்டால் ஏறுகிற தண்ணீர் உள் கதவைத் தள்ளித் திறந்து வயலுக்குள் பாயும். ஆறு வற்றத் தொடங்கியதும் வயல் தண்ணீரே அந்தக் கதவை அழுத்தி மூடிவிடும். பம்பு இல்லை, ஏற்றம் இல்லை, நிலவு இறைத்த தண்ணீர். ஆரம்பத்தில் குடைந்த மரத்தண்டையே மதகாக வைத்ததால் டிரங்க் என்ற பெயர் நின்றதாகச் சொல்கிறார்கள். விதை நெல் மிதந்து போகாமலிருக்கக் களிமண்ணில் புரட்டி, குதிகாலால் குழி போட்டுக் கால்விரலால் மூடுவார்கள். அறுத்ததை மர உரலில் உலக்கையால் குத்துவார்கள். குத்தி நொறுங்கிய நொய்தான் பெரும்பாலும் குத்தினவர்களின் பங்கு.

ஒரு பழைய பண்ணை வீட்டைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தேன், எது என்பது வேண்டாம். வழிகாட்டி முக்கால் மணி நேரம் நாற்காலியையும் வெள்ளிச் சாமான்களையும் பற்றிப் பேசினார். ஜன்னலுக்கு வெளியே தெரிந்த வயலைப் பற்றி, "முதலாளி உருவாக்கியது" என்று இரண்டே வார்த்தை. கோடை வந்தால் மலேரியாவுக்குப் பயந்து அந்த முதலாளிகள் நகரத்துக்கு ஓடிவிடுவார்கள். இடுப்பளவு சேற்றில், பாம்புக்கும் முதலைக்கும் நடுவே கரை எழுப்பினவர்களுக்கு அந்த வீட்டில் ஒரு வாக்கியம்கூட இல்லை. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

அந்த ஃபேனர் இப்போது எங்கள் வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. சுவரில் மாட்டவில்லை, பருப்பு புடைக்கிறோம்.

சவானாவாசி:

டெல்டா அண்ணா, படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். முதலாளிகள் ஆண்டில் பாதிநாள் இல்லாமல் போனதும், தீவுகளுக்குப் பாலம் இல்லாததும்தான் கல்லா மொழியைக் காப்பாற்றியது என்று இந்தக் கரையோரத்துச் செயின்ட் ஹெலினா தீவில் ஒரு பெரியவர் சொன்னார். அவர் சொல்லித்தந்த ஒரு சொல் 'டேக்ளீன்'. விடியல் என்று அர்த்தம். இருட்டைத் துடைத்துப் பொழுது சுத்தமாவது. நம் 'பொழுது புலர்ந்தது' நினைவுக்கு வந்தது.

அந்தத் தீவில் பென் சென்டர் இருக்கிறது. விடுதலை பெற்றவர்களுக்காக 1862இல், உள்நாட்டுப் போர் நடக்கும்போதே தொடங்கிய பள்ளி. 1960களில் மார்ட்டின் லூதர் கிங் தன் தோழர்களோடு வந்து தங்கிப் பேசியதும் இங்கேதான். ஓக் மரங்களிலிருந்து சாம்பல் நிறப் பாசி சடை சடையாகத் தொங்கும். பெரியவர் அதன் கீழ் பெஞ்சில் உட்கார்ந்து தன் நிலத்தைப் பற்றிப் பேசினார்.

போருக்குப் பிறகு அவருடைய கொள்ளுத்தாத்தா காசு கொடுத்து வாங்கிய நிலம். உயில் எழுதவில்லை, பாகம் பிரிக்கவில்லை. இன்று அது நாற்பது ஐம்பது வாரிசுகளின் கூட்டுச் சொத்து, பாதிப் பேர் நியூயார்க்கிலும் பிலடெல்பியாவிலும். யாரோ ஒரு தூரத்து வாரிசு தன் துண்டுப் பங்கை வெளியாளுக்கு விற்றால் போதும். வாங்கியவர் கோர்ட்டுக்குப் போய்ப் பாகம் கேட்பார், மொத்த நிலமும் ஏலத்துக்கு வரும். இப்படித்தான் 1956இல் பாலம் வந்த பிறகு ஹில்டன் ஹெட் தீவில் ஏக்கர் ஏக்கராகப் போயிற்று என்றார். இன்று அங்கே கோல்ஃப் மைதானங்கள்.

2016இல் இதைத் தடுக்க ஒரு சட்டம் வந்தது: ஏலத்துக்கு முன் மற்ற வாரிசுகள் அந்தப் பங்கைத் தாங்களே வாங்கிக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும். அதற்கு கிளமென்டா பிங்க்னியின் பெயரை வைத்திருக்கிறார்கள். மாநிலச் செனட்டராகவும் போதகராகவும் இருந்தவர். 2015 ஜூனில் சார்ல்ஸ்டன் இமானுவேல் தேவாலயத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட ஒன்பது பேரில் ஒருவர். அந்தப் பெயரைச் சொல்லும்போது பெரியவர் தொப்பியைக் கழற்றினார்.

கிரீன்வில் நண்பன்:

நான் மலைப்பக்கம். எங்களுக்குக் கடல் நாலு மணி நேரம். பியூஃபர்ட் போனபோது ராபர்ட் ஸ்மால்ஸின் வீட்டை வெளியே நின்று பார்த்தேன். யாரும் இன்னும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன்.

அடிமையாகப் பிறந்தவர். 1862 மே 13, விடியற்காலை. உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்காகச் சண்டையிட்ட தெற்குப் படையின் பிளான்டர் என்ற கப்பலில் வெள்ளை அதிகாரிகள் கரையில் தூங்கப் போயிருந்த நேரம் கப்பலை எடுத்தார். தன் மனைவி மக்களையும் மற்ற மாலுமிகளின் குடும்பங்களையும் ஏற்றிக்கொண்டார். கேப்டனின் வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்து, கோட்டைகளுக்குக் கொடுக்க வேண்டிய விசில் சங்கேதங்களைத் தவறாமல் கொடுத்து, ஃபோர்ட் சம்டரின் பீரங்கிகளுக்கு முன்னாலேயே ஓட்டிக்கொண்டு போனார். வடக்குப் படையின் கப்பல் தெரிந்ததும் வெள்ளைக் கொடி. பிறகு அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரானார். எந்த வீட்டுக்குப் பின்னால் அடிமைக் குடிலில் பிறந்தாரோ, அந்த வீட்டையே விலைக்கு வாங்கிக் குடியிருந்தார். வெள்ளைத் தூண்கள் வைத்த வீடு, இப்போதும் நிற்கிறது. என் மகள் பத்து வயது. "அவர் எந்த ரூமில் தூங்கியிருப்பார்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

டெல்டாக்காரன்:

சவானா அக்கா, அந்தப் பெரியவரின் நிலப் பிரச்சினைக்கு சட்ட உதவி செய்யும் மையம் ஒன்று சார்ல்ஸ்டனில் இருக்கிறது, வாரிசுச் சொத்துக்கென்றே நடத்துகிறார்கள். விவரத்தைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன், அவரிடம் சேர்த்துவிடுங்கள். நண்பா, அடுத்த தடவை மகளைக் கூட்டி வரும்போது கேட்ஸ்டன் துறையில் 2023இல் திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். அடிமைக் கப்பல்கள் வந்து நின்ற துறையிலேயே கட்டியிருக்கிறார்கள். கட்டடத்தைத் தூண்களின் மேல் தூக்கி நிறுத்தி, கீழே அந்த மண்ணை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். போகும்போது மவுன்ட் பிளசன்ட் பக்கம் ஒரு எட்டு. அந்த அம்மா சனிக்கிழமைகளில் இருப்பார். முறத்தை எடுத்து ஒரு தரம் புடைத்துக் காட்டச் சொல்லுங்கள் உங்கள் மகளை.