பழைய சர்வர் ஸ்டோரேஜ் வாங்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. மதுரையில் சின்னதாக ஒரு வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். 15 வருடக் கல்யாண வீடியோக்கள் எல்லாம் மேஜை டிராயரில் கிடக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளில்தான் இருக்கின்றன. போன மாதம் அதில் ஒன்று டிக் டிக் என்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. அதிலிருந்த ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அப்பா இப்போது உயிரோடு இல்லை. அந்தப் பெண் வந்து கேட்டபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சரி, இனி ஒழுங்காக வைக்க வேண்டும் என்று தேடினேன். சென்னை ரிச்சி தெருவில் ஒருவர் நெட்ஆப் டிஎஸ்4246 ஷெல்ஃப் (சர்வரோடு இணைக்கும், பல டிஸ்க்குகள் செருகும் பெட்டி) தருகிறேன் என்கிறார். 24 டிஸ்க் பிடிக்கும். இப்போது 12 சாஸ் டிஸ்க்குகள் (சர்வர்களில் போடும் வகை) இருக்கின்றன.

என் குழப்பம் இந்த டிஸ்க்குகளில்தான். செக்டார் (டிஸ்க்கில் டேட்டா எழுதப்படும் சிறு துண்டு) 520 பைட்டாக இருந்தால் சாதாரண கம்ப்யூட்டர் ஏற்காது, லினக்ஸில் எஸ்ஜி_ஃபார்மட் என்ற கமாண்ட் கொடுத்து 512-க்கு மாற்ற வேண்டும் என்று படித்தேன். யாராவது செய்திருக்கிறீர்களா? ஒரு டிஸ்க்குக்கு எத்தனை மணி நேரம் ஆனது? பாதியில் கரண்ட் போனால் டிஸ்க் வீணாகிவிடுமா?

அப்புறம், ஷெல்ஃபைக் கம்ப்யூட்டரோடு இணைக்க எல்எஸ்ஐ 9207-8இ கார்டு போதுமா? கடையில் நின்றே டிஸ்க்குகள் ஓடிய மணிநேரத்தையும் டிஃபெக்ட் (பழுதான இடங்கள்) எண்ணிக்கையையும், டிஸ்க்கின் நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் புரோகிராம் போட்டுப் பார்க்கப் போகிறேன். எவ்வளவு இருந்தால் வேண்டாம் என்று திரும்பிவிடலாம்? எடிட்டிங் அறையிலேயே வைத்தால் ஃபேன் சத்தம் தாங்குமா?

சனிக்கிழமை சென்னை போகிறேன். அதற்குள் சொன்னால் பெரிய உதவி.