உள்ளரங்கில் எடுத்தால் ஒரு படம் மஞ்சள், ஒரு படம் பாதி இருட்டு. கேமரா பழுதா, விளக்கா?

பெரம்பூர் அம்மா

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு 11 வயது, டேபிள் டென்னிஸ் ஆடுகிறாள். 2025 மார்ச்சில் நேரு உள்விளையாட்டரங்கில் சரத் கமல் தன் கடைசி சர்வதேசப் போட்டியை ஆடினாரே, அதற்குக் கூட்டிப் போனோம். அன்றிலிருந்து பேட்டைக் கீழே வைப்பதில்லை. அவள் ஆடுவதை நல்ல படங்களாக எடுத்து வைக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

கேமரா கேனான் 1500டி. கூடவே வந்த 18-55 லென்ஸில் முதலில் எடுத்தேன். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/125 நொடியில் வைத்தால் கையும் பேட்டும் இழுபட்டு வந்தன; வேகத்தைக் கூட்டினால் படம் கறுத்துவிட்டது. தெரிந்தவர் சொன்னதைக் கேட்டு 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸ் வாங்கினேன். இப்போது மேனுவலில் 1/640 நொடி, லென்ஸ் திறப்பு எஃப்/2, வெளிச்ச உணர்திறன் (ஐஎஸ்ஓ) 3200. இழுபடுவது நின்றுவிட்டது.

ஆனால் புதுத் தொல்லை வந்துவிட்டது. பட்டனை அழுத்திப் பிடித்துத் தொடர்ந்து எடுத்தால் ஒரு படம் சரியாக இருக்கிறது, அடுத்தது மஞ்சள் பூத்த மாதிரி இருக்கிறது, அதற்கடுத்ததில் கீழ்ப்பாதி இருண்டு கிடக்கிறது. இடையில் எதையும் நான் தொடவில்லை. கடையில் காட்டினேன். ஷட்டர் போய்க்கொண்டிருக்கிறது, மாற்றியே ஆக வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை கேமரா விலையில் பாதிக்குக் கிட்டே வருகிறது. அடுத்த ஞாயிறு மாவட்டப் போட்டி. மாற்றுவதா, வேண்டாமா? வீட்டு மொட்டை மாடியில் எடுத்தால் எல்லாம் நன்றாகத்தான் வருகின்றன.

அடையாறு மாணவன்

அக்கா, ஒரு வெளி ஃப்ளாஷ் வாங்கிப் போடுங்கள். வெளிச்சம் கம்மியாக இருப்பதால்தான் இப்படி வருகிறது என்று நினைக்கிறேன். ஐஎஸ்ஓவையும் குறைக்கலாம்.

வில்லிவாக்கம் ஸ்டூடியோ

தம்பி, ஃப்ளாஷ் வேண்டாம். சர்வீஸ் போடும் நேரத்தில் எதிரே நிற்கும் குழந்தையின் கண்ணில் பளிச்சென்று அடித்தால் அந்தப் பாயின்ட் போச்சு. நடுவர் நம்மை வெளியே அனுப்பிவிடுவார், அனுப்பவும் வேண்டும்.

மேடம், கேமராவைக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் கேள்விக்கான பதில் உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. ஷட்டர் பழுதாக இருந்தால் மொட்டை மாடியிலும் அதே இருட்டுப் பட்டை வந்திருக்கும். வெயிலில்தான் ஷட்டர் இன்னும் வேகமாக ஓடுகிறது, குறை அங்கேதான் முதலில் தெரியும். அதோடு, பழுதான ஷட்டரின் பட்டை பெரும்பாலும் ஒரே இடத்தில் வரும். உங்கள் படங்களில் பட்டை இடம் மாறுகிறதா என்று பாருங்கள்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் நேரடியாக எரியும் விளக்கு நொடிக்கு 100 தடவை பிரகாசமாகி மங்குகிறது. ஒரு சுற்றுக்கு 10 மில்லி நொடி. நம் கண்ணுக்கு அது தெரியாது. 1/100ல் எடுத்தால் ஒரு முழுச் சுற்று படத்துக்குள் வந்துவிடும், எத்தனை எடுத்தாலும் ஒரே மாதிரி இருக்கும். 1/640ல் ஒன்றரை மில்லி நொடிதான் கிடைக்கிறது. அது பிரகாசமான நேரத்தில் விழுந்தால் படம் நன்றாக வரும், மங்கும் நேரத்தில் விழுந்தால் இருட்டும் மஞ்சளும்தான். பழைய மெட்டல் ஹாலைடு, சோக் வைத்த டியூப்லைட் இரண்டும் மங்கும்போது நிறமும் மாறும். அதனால்தான் ஒயிட் பேலன்ஸை (நிறச் சமன் அமைப்பை) எப்படி வைத்தாலும் பிடிபடாது.

பாதி இருட்டுக்கும் காரணம் இதுவே. உங்கள் 1500டியில் 1/200க்கு மேல் போனால் ஷட்டர் ஒரே நேரத்தில் முழுதாகத் திறப்பதில்லை. ஓர் இடுக்கு மட்டும் சென்சார்மேல் ஓடிப் போகும். அது ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போவதற்குள் விளக்கு மங்கத் தொடங்கினால், படத்தின் ஒரு பக்கம் வெளிச்சம், மறு பக்கம் இருட்டு.

ஒரு பைசா செலவில்லாமல் சோதித்துவிடலாம். அந்த ஹாலில் வெள்ளைச் சுவரைப் பார்த்து 1/50ல் பத்துப் படம், 1/1000ல் பத்துப் படம். வெளிச்ச அளவு சரியாக வரும்படி ஐஎஸ்ஓவை மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு வெயிலில் ஒரு சுவரைப் பார்த்து 1/1000ல் பத்து. ஹாலில் 1/1000ல் மட்டும் மாறி மாறி வந்தால் குற்றவாளி விளக்குதான். வெயிலிலும் வந்தால் கடைக்காரர் சொன்னதை யோசிக்கலாம்.

கொளத்தூர் எலக்ட்ரீஷியன்

சார் சொன்னது சரி. என் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன்.

நல்ல ஹாலில் விளக்குகளை மும்முனை மின்சாரத்தின் மூன்று பேஸிலும் (முனைகளிலும்) பிரித்துப் போட்டிருப்பார்கள். பக்கத்துப் பக்கத்து விளக்குகள் ஆர், ஒய், பி என்று மாறி மாறி இருக்கும். ஒன்று மங்கும் நேரத்தில் மற்ற இரண்டும் மங்காது, அதனால் தரையில் விழும் வெளிச்சம் ஓரளவு சமமாகிவிடும். செலவைக் குறைக்க ஒரு வரிசை முழுவதையும் ஒரே பேஸில் இழுத்துவிட்டால் எல்லாம் ஒன்றாக மங்கும். ஹால் பெரிதாக இருந்தால் ஒரு மேசைக்கும் அடுத்த மேசைக்கும்கூட வித்தியாசம் இருக்கலாம்.

எல்இடி மாற்றிவிட்டார்கள் என்றாலும் நம்பிவிடாதீர்கள். உள்ளே மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட் நல்லதாக இருந்தால் வெளிச்சம் நிலையாக இருக்கும். மலிவான டிரைவரில் மின்சாரத்தைச் சமன்செய்யும் கெபாசிட்டர் சிறிதாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அப்போது அதுவும் 100 தடவை துடிக்கும்.

போனில் ஸ்லோமோஷன் இருக்கிறதல்லவா, 240 ஃபிரேமில் வைத்து ஒவ்வொரு மேசைக்கும் மேலே இருக்கும் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். துடிக்கும் விளக்கு பளிச் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும்.

பெரம்பூர் அம்மா

இரண்டு பேருக்கும் நன்றி. இன்று பயிற்சிக்குப் போனபோது இரண்டையும் செய்து பார்த்தேன்.

1/50ல் பத்தும் ஒரே மாதிரி. 1/1000ல் நாலு நன்றாக, மூன்று மஞ்சளாக, மூன்றில் பட்டை. அதுவும் ஒன்றில் மேலே, மற்ற இரண்டில் கீழே. மாடியில் பத்தும் சுத்தம். இனி கடைக்குப் போவதாக இல்லை.

போனில் பார்த்தால் வாசல் பக்கம் இருக்கும் இரண்டு மேசைகளுக்கு மேலே விளக்கு பயங்கரமாகத் துடிக்கிறது. உள்ளே கடைசி இரண்டு மேசைகளுக்கு மேலே புதிய எல்இடி, அது அசையாமல் எரிகிறது. இத்தனை நாள் வாசல் பக்க மேசையில்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் போட்டியன்று எந்த மேசை கிடைக்கும் என்று நம் கையில் இல்லை. துடிக்கும் விளக்குக்குக் கீழே ஆட வேண்டி வந்தால் என்ன செய்வது?

அடையாறு மாணவன்

ஃப்ளாஷ் யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் அக்கா. விளக்கின் துடிப்பைக் கண்டுபிடித்து, பிரகாசமான நேரத்தில் மட்டும் ஷட்டரைத் திறக்கும் வசதி சில கேமராக்களில் உண்டு. கேனானில் 2014ல் வந்த 7டி மார்க் 2ல்தான் முதலில் கொடுத்தார்கள், 80டியிலும் இருக்கிறது. 1500டியில் இல்லை. பழையது ஒன்று கிடைத்தால் பாருங்கள்.

வில்லிவாக்கம் ஸ்டூடியோ

தம்பி சொன்ன வசதி உண்மையிலேயே நல்லது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் கேமரா வாங்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இருப்பதை வைத்தே நிறைய செய்யலாம்.

முதலில், ஆட்டத்தில் உடம்பு நிற்கும் நேரங்களைப் பிடியுங்கள். சர்வீஸ் போடும்போது பந்தைக் குறைந்தது 16 சென்டிமீட்டராவது மேலே எறிய வேண்டும் என்பது விதி. அந்தப் பந்து உச்சிக்குப் போனதும் ஒரு கணம் நிற்கும். ஆடுபவரின் கண் பந்தின்மேல், முகம் மேலே தூக்கியபடி, உடம்பு அசையாமல். என் கணக்கில் இந்த விளையாட்டிலேயே அழகான படம் அதுதான். அதை 1/100ல் எடுக்கலாம். பந்தும் தெளிவாக இருக்கும், எந்த விளக்காக இருந்தாலும் நிறம் மாறாது. வேகம் 1/100க்கு இறங்குவதால் ஐஎஸ்ஓவையும் 640, 500 என்று குறைத்துக்கொள்ளலாம். எதிராளி சர்வீஸ் போடக் காத்திருக்கும் குனிந்த நிலை, பாயின்ட் ஜெயித்ததும் முஷ்டி மடக்கிக் கத்துவது, இடைவேளையில் கோச் காதில் சொல்வது, இவையும் அப்படித்தான்.

அடிக்கும் காட்சி வேண்டும் என்றால் 1/320க்கு இறங்குங்கள். அப்போது 3 மில்லி நொடி கிடைக்கும், நிற மாற்றம் போகாது, ஆனால் குறையும். மணிக்கட்டு கொஞ்சம் இழுபடும். முகம் தெளிவாக இருந்தால் அந்த இழுவை ஆட்டத்தின் வேகத்தைக் காட்டும், அதைக் குறையாக நினைக்காதீர்கள். பந்தை உறைய வைக்க வேண்டும் என்று தவிக்கவும் வேண்டாம். மணிக்கு 70 கிலோமீட்டரில் போகும் பந்து 1/640லேயே 3 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். பந்தே 4 சென்டிமீட்டர்தான்.

பட்டனை அழுத்திப் பிடிப்பதை விட்டுவிடுங்கள். 1500டி நொடிக்கு 3 படம்தான் எடுக்கும், இந்த விளையாட்டுக்கு அது போதாது. இரண்டு படத்துக்கு நடுவே ஓர் அடியே முடிந்துவிடும். ஆட்டத்தின் தாளத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக அழுத்துங்கள். உங்கள் மகள் எப்போது ஃபோர்ஹேண்டுக்குத் திரும்புவாள் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?

ஃபோகஸை ஏஐ சர்வோவில் (நகரும் ஆளைத் தொடர்ந்து பிடிக்கும் முறை) வைத்து நடுப்புள்ளியை மட்டும் தேர்ந்தெடுங்கள். இந்தக் கேமராவில் இருக்கும் ஒன்பது புள்ளிகளில் அதுதான் மங்கிய வெளிச்சத்தில் நம்பகமானது. அதை முகத்தில் வையுங்கள். பந்தைத் துரத்தினால் பின்னால் இருக்கும் பேனர்தான் தெளிவாக வரும்.

ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவு) எடுங்கள். மஞ்சளாக வந்ததைத் தனித்தனியாகச் சரிசெய்துவிடலாம். பட்டை விழுந்தது கஷ்டம். அதில் முகபாவம் மிக நன்றாக இருந்தால் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள், நிற வித்தியாசமாவது மறைந்துவிடும்.

இன்னொன்று, ஏசி காரில் போனால் இறங்கியவுடன் பையைத் திறக்காதீர்கள். பந்து காற்றில் விலகக்கூடாது என்று இந்த ஹால்களில் மின்விசிறியை நிறுத்தி ஜன்னலையும் மூடிவிடுவார்கள், உள்ளே புழுக்கம் தாங்காது. குளிர்ந்த லென்ஸில் உடனே ஆவி படியும். பையோடு அரைமணி நேரம் விட்டுவிட்டு எடுங்கள்.

கொளத்தூர் எலக்ட்ரீஷியன்

அம்மா, ஹால் பொறுப்பாளரிடம் அந்த ஸ்லோமோஷன் வீடியோவைக் காட்டுங்கள். ஒரு வரிசையை வேறு பேஸுக்கு மாற்றுவது பெரிய செலவில்லை, லைசென்ஸ் உள்ள ஆள் பேனலில் செய்து கொடுத்துவிடுவார். பிள்ளைகள் மணிக்கணக்கில் பந்தைப் பார்த்து ஆடும் இடம் அது, துடிக்கும் விளக்கு அவர்கள் கண்ணுக்கும் அலுப்புதான். டிவி ஒளிபரப்பு இருக்கும் அரங்குகளில் ஸ்லோமோஷன் ரீப்ளேக்காகவே துடிக்காத விளக்கு போடுகிறார்கள்.

பெரம்பூர் அம்மா

போட்டி முடிந்து வந்துவிட்டோம். முதல் சுற்று உள் மேசையில் நடந்தது. 1/640ல் எடுத்தேன், ஒரு படத்தில்கூட நிறம் மாறவில்லை. இரண்டாவது சுற்று வாசல் பக்க மேசையில். அங்கே 1/100க்கு இறங்கி சர்வீஸுக்காக மட்டும் காத்திருந்தேன். மொத்தம் 40 படம், அதில் 6 நன்றாக வந்திருக்கின்றன. ஒன்றில் பந்து அவள் நெற்றிக்கு மேலே நிற்கிறது, நாக்கைக் கடித்துக்கொண்டு அதையே பார்க்கிறாள். ஆட்டத்தில் 3-1 என்று தோற்றுவிட்டாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அந்தப் படத்தைத்தான் முதலில் கேட்டாள்.

பொறுப்பாளரிடம் வீடியோவைக் காட்டினேன். அடுத்த மாதம் ஆளைக் கூப்பிடுகிறேன் என்றிருக்கிறார்.

ஒரே ஒரு சந்தேகம். உள் மேசையில் எடுத்த ஒன்றை பிரேம் போட வேண்டும். ஐஎஸ்ஓ 3200 என்பதால் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. பிரிண்டிலும் அப்படித் தெரியுமா?

வில்லிவாக்கம் ஸ்டூடியோ

8க்கு 12 அங்குலம் வரை தெரியாது மேடம், தைரியமாகப் போடுங்கள். முகம் இருட்டாக இருந்தால் மட்டும் லேசாக ஏற்றுங்கள், அதிகம் ஏற்றினால் நிழல் பகுதியில் புள்ளி கிளம்பும். பளபளப்புத் தாள் வேண்டாம், மேட் கேளுங்கள். பந்து நிற்கும் படம் வாசல் பக்கத்தில் எடுத்ததுதானே, அதில் ஐஎஸ்ஓ குறைவு. அதை 12க்கு 18 ஆகவே போடலாம்.