40,000 ரூபாய்க்கு ஒரே ஜூம் லென்ஸ்: மைதானத்துக்கா, பழவேற்காட்டுக்கா?

வியாசை வெளிச்சம்:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் கேனன் 200டி கேமரா இருக்கிறது, கூடவே வந்த 18-55 மி.மீ. லென்ஸ் மட்டும்தான். இரண்டு வருடமாகச் சேர்த்ததில் 40,000 ரூபாய் தேறியிருக்கிறது. ஞாயிறு மாலைகளில் வியாசர்பாடியில் தம்பியும் அவன் கூட்டாளிகளும் ஆடும் கால்பந்தை எடுக்க வேண்டும். தை, மாசியில் பழவேற்காட்டு ஏரிக்குப் போய்ப் பூநாரை எடுக்க வேண்டும். வாங்கப்போவது ஒரே லென்ஸ்தான், அடுத்ததற்கு இன்னும் இரண்டு வருடம் ஆகும். பழைய லென்ஸ் என்றாலும் சரி. எதை வாங்கலாம்?

கொசஸ்தலை நாரை:
பழைய சிக்மா 150-600 கன்டெம்பரரி வாங்குங்கள் தம்பி. அது கிடைக்காவிட்டால் டாம்ரான் 150-600 முதல் பதிப்பு. பறவைக்கு ரீச்தான் முதலில், மற்றதெல்லாம் அப்புறம். லென்ஸின் மி.மீ. எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாக விழும், அதுதான் ரீச்.

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பூநாரை நின்றால் சுமார் 1.3 மீட்டர் உயரம். பழவேற்காட்டில் அது 150 மீட்டருக்குள் வந்தாலே நல்ல நாள். அந்தத் தூரத்தில் 250 மி.மீ. லென்ஸ் போட்டால் உங்கள் கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் விழும் உருவம் 2 மி.மீ. சொச்சம்தான். சென்சாரின் உயரமோ 15 மி.மீ. அதே பறவை 600-இல் 5 மி.மீ. தாண்டும். வீட்டுக்கு வந்து எத்தனை கிராப் செய்தாலும் இந்த வித்தியாசம் சரியாகாது.

கோல் கம்பம்:
நாரை அண்ணா பறவைக் கணக்கைச் சரியாகப் போட்டார். மைதானத்துக் கணக்கை விட்டுவிட்டார். நான் பத்து வருடமாகக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து கால்பந்து எடுக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

150-600 தொடங்குவதே 150-இல். பந்து உங்கள் பக்கக் கோட்டுக்கு வரும்போது ஆட்டக்காரர் 10 மீட்டரில் இருப்பார். 1.7 மீட்டர் ஆள் 150 மி.மீ.-இல் 25 மி.மீ. உயரத்துக்கு விழுவார். கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பினாலும் உங்கள் சென்சார் 22 மி.மீ. சொச்சம்தான். காலும் பந்தும் இல்லாமல் கால்பந்துப் படம் எதற்கு? 70-இல் அவர் 12 மி.மீ.-க்குள் அடங்கிவிடுவார். எதிர்ப்பக்கம் 40 மீட்டரில் இருப்பவர்கூட 200-இல் எட்டரை மி.மீ. வருவார், படச் சட்டத்தில் பாதிக்கு மேல். மைதானத்துக்கு 70-200 போதும்.

அடுத்தது வெளிச்சம். ஓடும் காலைப் படத்தில் நிறுத்த 1/1000 நொடி ஷட்டராவது வேண்டும். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிக வெளிச்சம் விடும். வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் ஒளியுணர்வை, கூட்ட வேண்டும், படம் சொரசொரப்பாகும். எஃப் 2.8-இல் ஐஎஸ்ஓ 1600 போதுமான நேரத்தில் எஃப் 5.6-க்கு 6400 கேட்கும். ‘லென்ஸில் ஸ்டெபிலைசர் இருக்கிறதே’ என்று யாராவது சொல்வார்கள். அது உங்கள் கை நடுக்கத்துக்கு. தம்பியின் ஓட்டத்தை அது நிறுத்தாது.

என் சொல்: பழைய 70-200 எஃப் 2.8. ஸ்டெபிலைசர் இல்லாத கேனன் முதல் மாடல், 1995-இல் வந்தது. தேடினால் உங்கள் காசுக்குள் பிடிக்கலாம்.

மாதவரம் ஏரிக்கரை:
கேனனின் ஆர்எஃப் 100-400 பார்த்தீர்களா? 635 கிராம்தான். ஏரிக்கரையில் நாள் முழுக்கக் கையில் வைத்திருக்கிறேன், வலியே இல்லை.

கோல் கம்பம்:
அது மிரர்லெஸ் கேமராக்களுக்கான மவுண்ட் (லென்ஸைப் பூட்டும் வாய்), 200டி-யில் பூட்டவே முடியாது. 200டி-யில் பூட்டும் பழைய இஎஃப் வகை லென்ஸை அடாப்டர் போட்டுப் புதிய கேமரா பாடியில் மாட்டலாம், ஆர்எஃப் லென்ஸைப் பழைய பாடியில் மாட்ட வழியில்லை. கேட்டவர் கையில் இருப்பதை வைத்துச் சொல்லுங்கள்.

கொசஸ்தலை நாரை:
200 மி.மீ.-ஐ எடுத்துக்கொண்டு பழவேற்காட்டுக்குப் போகச் சொல்கிறீர்களா? 200டி-யின் படம் 6000க்கு 4000 புள்ளிகள் (பிக்சல்). 150 மீட்டரில் நிற்கும் பூநாரைக்கு 200-இல் கிடைப்பது சுமார் 460 புள்ளி உயரம், 600-இல் சுமார் 1,390. அதுவும் உள்ளூரில் பெரிய பறவை. சேற்றில் ஓடும் சின்னப் பறவையான உள்ளானுக்கு என்ன மிஞ்சும்? எண்ணூர் கழிமுகத்தில் உள்ளான் எடுக்கத் தொடங்கிய பிறகுதான் நான் 600-க்கு மாறினேன். ஒன்றரை வருடம் 55-250-இல் எடுத்த உள்ளான்களில் ஒன்றைக்கூட அச்சுப் போட முடியவில்லை.

திருவொற்றியூர் அலை:
அந்த 55-250 எஸ்டிஎம்மை நான்கு வருடமாக விடாமல் வைத்திருப்பவன் நான். 375 கிராம். சட்டைப் பையில் போகாது, சோற்றுப் பையில் போகும். நாரை அண்ணாவோடு எனக்குத் தகராறே இங்கேதான்: தூரத்தில் இருப்பதை ஏன் துரத்த வேண்டும்?

காசிமேட்டில் விடியற்காலை ஏலம் முடிந்து மீன் கழிவு விழும்போது செம்பருந்து தலைக்கு மேல் 15 மீட்டரில் வட்டமிடும். சிறகு விரித்தால் ஒரு மீட்டருக்கு மேல். 250-இல் அது 18 மி.மீ., சட்டம் நிறைந்துவிடும். அங்கே 600-இல் எடுத்தால் இறக்கை வெட்டுப்படும். இரட்டை ஏரியில் நீலத்தாழைக்கோழி கரையோரப் புல்லுக்கே வருகிறது. ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் போதும்.

பழவேற்காட்டிலேயே ஒன்பது மணிக்கு மேல் சேற்றுத் திடலிலிருந்து கானல் எழும்புகிறது. 150 மீட்டர் கானல் வழியாகப் பார்த்தால் எந்த லென்ஸும் கூர்மை தராது. 600 வாங்கியவர்கள் லென்ஸைத்தான் திட்டுகிறார்கள், காற்றை யோசிப்பதில்லை. தம்பி, 55-250 வாங்கிவிட்டு மீதிக் காசை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த லென்ஸ் இரண்டு வருடம் ஆகாது.

கொசஸ்தலை நாரை:
கானல் உண்மை. அதனால்தான் ஆறு மணிக்கே அங்கே இருக்கச் சொல்கிறேன். ஆனால் ‘உட்கார்ந்தால் பறவை வரும்’ என்பது புல் இருக்கும் ஏரிக்குப் பொருந்தும். மறைவே இல்லாத திறந்த சேற்றில் எங்கே உட்காருவது? கிட்டே போனால் கூட்டமே எழும்பிப் பறந்துவிடும். மேய வந்த பறவைகளை எழுப்பிவிட்டு எடுக்கும் படம் எனக்கு வேண்டாம். தள்ளி நின்று எடுக்கத்தான் 600.

பழைய வண்ணை:
எந்த லென்ஸ் என்பதை நீங்கள் பேசுங்கள். பழையது எப்படி வாங்குவது என்பதை நான் சொல்கிறேன், ஏனென்றால் நான் சூடுபட்டவன். நம்பி வாங்கிய ஒரு பழைய 150-600-இல் உள்கண்ணாடியில் பூஞ்சை. வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்று இருந்தது. விற்றவர் பொறுப்பேற்கவில்லை, சுத்தம் செய்யவே பெரிய தொகை போனது. நம் கடற்கரை ஈரத்தில் அலமாரியில் சும்மா கிடக்கும் லென்ஸுக்குப் பூஞ்சை வர ஒரு மழைக்காலம் போதும்.

அதனால் போன் டார்ச்சைப் பின்பக்கமாக அடித்து, முன்பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். நூல் நூலாக, சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் வேண்டாம். உங்கள் 200டி-யையே கொண்டுபோய் மாட்டுங்கள். ஃபிலிம் காலத்துச் சிக்மா லென்ஸ்கள் சில டிஜிட்டல் பாடியில் பிழை காட்டி நின்றுவிடும். ஜூமின் கடைசி முனையில், வெளிச்சம் புகும் துவாரத்தை முழுக்கத் திறந்து, தெருப் பலகையின் சின்ன எழுத்தை எடுத்து, பெரிதாக்கிப் பாருங்கள். கடைக்குள் மேசையில் இருப்பதை எடுத்துப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள்.

இன்னொன்று. 1995 மாடலில் ஃபோகஸ் மோட்டார் போனால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டும், கோல் கம்பம் இதைச் சொல்லவில்லை. சிக்மா 150-600 ஏறக்குறைய 1.9 கிலோ, உங்கள் பாடி அரைக் கிலோகூட இல்லை. மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) இல்லாமல் கை தாங்காது, அதற்கும் காசு ஒதுக்க வேண்டும், நாரை இதைச் சொல்லவில்லை. என்னைக் கேட்டால் கேனன் 70-300 ஐஎஸ் இரண்டாம் பதிப்பு. 2016-இல் வந்தது, 710 கிராம், ஃபோகஸ் வேகம்.

கோல் கம்பம்:
உதிரிபாகம் பற்றிச் சொன்னது நியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 70-300 நீண்ட முனையில் எஃப் 5.6. மாலையில் அது 150-600 படும் பாட்டையே படும். 2.8-க்கு இன்னொரு வசதி உண்டு. பிறகு 1.4 எக்ஸ்டெண்டர் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே பூட்டி ரீச்சை 1.4 மடங்காக்கும் கண்ணாடி) ஒன்று சேர்த்தால் 280 மி.மீ. எஃப் 4 ஆகிவிடும். வெளிச்சத்தை விட்டுக்கொடுத்து ரீச் வாங்கலாம். எஃப் 5.6-ஐ 2.8 ஆக்க எந்தக் கண்ணாடியும் இல்லை.

அத்தோடு 70-200 நீளாது, ஜூம் உள்ளேயே நடக்கும். எண்ணூர்ப் பக்கம் சாம்பல் தூசியில் வெளியே நீண்டு சுருங்கும் லென்ஸ் காற்றோடு தூசியையும் இழுக்கும்.

தம்பி, ஒன்று கேட்கிறேன். ஆட்டம் எத்தனை மணிக்கு? வருடத்தில் எத்தனை ஞாயிறு, எத்தனை பழவேற்காடு?

வியாசை வெளிச்சம்:
வெயிலுக்குப் பயந்து நாலரைக்குத்தான் தொடங்குவார்கள். கார்த்திகையில் 5:40க்கே சூரியன் இறங்கிவிடுகிறது, இரண்டாம் பாதி முழுக்க மங்கல்தான். மழை ஞாயிறுகள் போக நாற்பது ஆட்டமாவது இருக்கும். பழவேற்காட்டுக்கு மூன்று முறை போனாலே அதிகம்.

எண்ணிப் பார்த்ததும் எனக்கே தெரிந்துவிட்டது. 70-200 எஃப் 2.8 தேடுகிறேன். வண்ணை அண்ணா சொன்ன டார்ச் சோதனையைச் செய்யாமல் காசு கொடுக்க மாட்டேன். பழவேற்காடு போகும் நாளுக்கு 600-ஐ வாடகைக்கு எடுக்கலாமா?

திருவொற்றியூர் அலை:
வாடகை நல்ல யோசனை. அதற்கு முன்னால் ஒரு நாள் காசிமேட்டுக்கு வாங்க தம்பி. என் 55-250-ஐ மாட்டிப் பாருங்கள், பருந்து எவ்வளவு கிட்டே வருகிறதென்று தெரியும்.

கொசஸ்தலை நாரை:
என் கருத்து மாறவில்லை. பறவை எடுக்கத் தொடங்கினால் மூன்று முறை முப்பது முறை ஆகும், அப்போது என்னைத் தேடுவீர்கள். வாடகைக்கு எடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. பழகாத கையில் 600-இன் குறுகிய பார்வைக்குள் பறக்கும் பறவையைக் கண்டுபிடிப்பதற்குள் அது போய்விடும், அந்த ஒரு நாள் வீணாகும்.

வாடகை வேண்டாம். என் சிக்மாவும் கேனன் மவுண்ட்தான். தை மாதம் ஒரு ஞாயிறு காலை ஐந்து மணிக்குப் பொன்னேரியில் இருங்கள், ஒன்பது மணி வரை உங்கள் கேமராவில் மாட்டிக்கொள்ளலாம். அதற்கு முந்தின வாரம் எண்ணூருக்கு வந்து ஒரு மணி நேரம் பழகிக்கொள்ளுங்கள். மோனோபாட் நான் கொண்டுவருகிறேன். மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம், நாலரை ஆட்டத்துக்கு நேரம் இருக்கும்.